நெல்லுக்குள் ஒரு ஜன்னல்

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம் அது. மாமியார் இறந்தபின் மருமகளுக்கு மிஞ்சிய சொத்து, ஒரு மண்குதிரும் அதிலிருந்த நாற்பது கிலோ மாப்பிள்ளைச்சம்பா விதைநெல்லும்தான். ஊரில் வேறு யாரிடமும் அந்த விதை இல்லை.

மாமியார் இருந்தவரை நாலு வெயில் காயவைத்து, ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார். ‘நறுக்’கென்று உடைந்தால்தான் குதிரில் கொட்டுவார். அந்தத் தை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. மருமகள் இரண்டு வெயிலோடு கொட்டிவிட்டார். அவ்வப்போது குதிரின் அடித் துவாரத்தைத் திறந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். மணிகள் சுத்தமாக இருந்தன.

ஆடிக் கடைசியில் விதையெடுக்க மேல்மூடியைத் திறந்தார். வைக்கோல் நிறத்தில் குட்டிக் குட்டிப் பூச்சிகள் முகத்தில் மோதிப் பறந்தன. ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி நீளம்தான். பின்சிறகின் ஓரமெல்லாம் நீளமான முடி. அந்துப்பூச்சி! மேல்நெல்லில் மணிக்கு மணி ஓட்டை.

“விடு, கடையில வேற ரகம் வாங்கிக்கலாம்” என்றார் கணவர். மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்து பார்த்தார். “பறக்குற பூச்சி நெல்லைக் கடிக்காதும்மா. அது முட்டைதான் வைக்கும். கதிர் முத்துறப்ப வயல்லயே வெச்சிடும். புழு மணிக்குள்ள பூந்து அரிசியைத் தின்னுட்டு, வெளிய வர்றதுக்கு மெல்லிசா ஒரு ஜன்னல் செஞ்சு வெச்சுட்டுத்தான் கூடு கட்டும். ஈர நெல்லுன்னா அதுக்குக் கொண்டாட்டம். ஆனா, குவியலுக்குள்ள ஆழமா இறங்க அதால முடியாது. மேல ஒரு அடியை அள்ளிப் போடு. அடி நெல்லு பிழைச்சிருக்கும்.”

அப்படியே செய்தார்கள். மீதி நெல்லை உப்புக்கரைசலில் கொட்டியதும், உள்ளே தின்னப்பட்ட மணிகள் மிதந்தன. அவற்றை அரித்தெடுத்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி முளைகட்டினார்கள். தேறியது பாதிக்கும் குறைவு. வழக்கம்போல நெருக்கி நட்டால் போதாது. குத்துக்கு ஒரு நாற்றாக நட்டு, நிலத்தை நிரப்பினார்கள்.

அடுத்த தையில் மழை இல்லை. நாலு வெயில் போட்டு, மருமகள் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். ‘நறுக்’. காய்ந்த நொச்சி, வேப்பிலையோடு குதிரில் கொட்டினார். இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை குதிரைத் திறந்து பார்க்கிறார், மேல்மூடி வழியாக.