ஒத்திவைப்பும் ஒரு பிரசினமே

மாணவருக்கு "நாளை" என்பதிலும் இனிய சொல் வேறில்லை. ஒப்படை தரப்பட்ட அன்று அச்சொல் அளிக்கும் ஆறுதல் பெரிது. அதனைக் கையளிக்கும் நாள் அணுகும்போது அது விளைக்கும் அச்சம் அதனினும் பெரிது. அவ்வச்சத்தாற் பாடசாலைக்குச் செல்லவே தயங்கும் பிள்ளைகளை யான் கண்டிருக்கின்றேன். அவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்துவிடுதல் எளிது. ஆயின், அது பெரும்பாலும் உண்மையன்று.

திருக்குறளின் 61ஆம் அதிகாரமாகிய மடியின்மையில், நெடுநீரையும் மடியையும் வள்ளுவர் வெவ்வேறாகவே எண்ணுகின்றார். முன்னது காலம் நீட்டிக்கும் இயல்பு; பின்னது சோம்பல். காலம் நீட்டிக்கும் மாணவன் சும்மா இருப்பதில்லை. மேசையை ஒழுங்குசெய்வான், பென்சில் சீவுவான், கைத்தொலைபேசியைப் பார்ப்பான். செய்யவேண்டிய வேலையை மட்டும் தொடான். அதனை எங்கே தொடுவது என்பது அவனுக்கு விளங்கவில்லை. ஆதலின் அவனுக்கு வேண்டுவது ஊக்கவுரையன்று. பிரசினம் விடுவிக்கும் முறையாகும்.

அம்முறையை நாம் கேத்திரகணித வகுப்பிலேயே கற்றோம். தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் என நான்கு தலைப்பிட்டுத் தேற்றங்களை எழுதினோமல்லவா? ஹங்கேரியிற் பிறந்த கணித அறிஞர் ஜோர்ஜ் பொல்யா 1945இல் வெளியிட்ட நூலிலும் நான்கு படிகளே கூறப்படுகின்றன: பிரசினத்தை விளங்கிக்கொள்ளல், திட்டம் வகுத்தல், அதனை நிறைவேற்றல், திரும்பிப் பார்த்தல்.

உயர்தர வகுப்பிற் பயின்ற என் பெறாமகன் ஒருவன், செயற்றிட்டம் கையளிக்கப் பன்னிரண்டே நாள் இருக்கையில், "பெரியப்பா, இனி என்னால் இயலாது" என்று வந்து நின்றான். அவன் எடுத்த தலைப்பு "எமது ஊரின் நிலத்தடி நீர்". ஒரு தாளில் அந்நான்கு தலைப்புகளையும் எழுதச் சொன்னேன்.

தரவு: பன்னிரண்டு நாள், ஓர் அளவுநாடா, ஒரு கடிகாரம், அயலில் ஐந்து தோட்டக் கிணறுகள். நிறுவ வேண்டியது என்ற இடத்தில் அவன் நெடுநேரம் தயங்கினான். இடர் அங்கேதான் இருந்தது. எடுத்த தலைப்போ கடல். கேள்வி எதுவும் அதில் இல்லை. முடிவில், "இறைத்த பின் கிணற்று நீர் பழைய மட்டத்துக்கு வர எவ்வளவு நேரம் செல்லும்?" என்று எழுதினான். சுண்ணக்கற் பாறையில் ஊறி நிற்கும் மழைநீரை நம்பி வாழும் யாழ்ப்பாணத்தில், அளவின்றி இறைத்தால் நன்னீர் உவராகும். ஆதலின் அது பயனுள்ள கேள்வியே.

அதன்பின் அமைப்புத் தானே வந்தது. நாளுக்கொரு கிணறாக ஐந்து நாள், அட்டவணைக்கும் வரைபுக்கும் இரண்டு, எழுதுவதற்கு மூன்று, எதிர்பாராதவற்றுக்கு இரண்டு. மறுநாள் விடியற்காலையில் அவன் முதற் கிணற்றடியில் நின்றான்.

எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. ஒருநாள் மழை குறுக்கிட்டது. ஒரு தோட்டத்தில் இறைக்கும் இயந்திரம் பழுதாகி, இறுதிவரை திருந்தவில்லை. மிகுதியாக வைத்த இரு நாளும் இவற்றிலேயே கழிந்தன. நான்கு கிணறுகளின் அளவீடுகளுடன், ஐந்தாவது ஏன் விடுபட்டது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி, உரிய நாளிற் கையளித்தான். திரும்பிப் பார்த்தல் என்று பொல்யா கூறியதை அப்பக்கத்திற் கண்டேன்.

பன்னிரண்டு நாள் பதின்மூன்றாகவில்லை. வேலையும் தானாகக் குறையவில்லை. உருவமற்றிருந்த அச்சம் எண்ணத்தக்க சிறு வேலைகளாயிற்று, அவ்வளவே. அறிவுள்ள பிள்ளைகள் பலர் தம்மைத் தகுதியற்றோர் எனக் கருதிப் படிப்பை இடையிற் கைவிடுவதற்கு அவ்வச்சமும் ஒரு காரணமாகின்றது. ஆதலின் ஆசிரியர்களே, "ஏன் இன்னும் செய்யவில்லை?" என்று வினவுமுன், "எவ்விடத்தில் நிற்கின்றாய்?" என்று வினவுங்கள். இளைய மாணவர்களே, உங்கள் ஒப்படை எதுவாயினும், தாளின் தலையில் "தரவு" என்று எழுதி இன்றே தொடங்குங்கள்.

விழாக் காணும் எம் கல்லூரியன்னை நீடு வாழ்க!