சாட்டித் தண்ணியும் சவர நுரையும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் காணி வாங்க வருகிறவர் மண்ணைப் பார்க்கமாட்டார். கிணற்றடிக்குப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். ஒரு கிணறு நல்ல தண்ணீராக இருக்கும். நூறு அடி தள்ளி வெட்டிய மற்றது சவராக இருக்கும். ஆறில்லாத, சுண்ணாம்புப் பாறைமேல் கிடக்கிற நிலத்தில் மழை தந்ததை நிலம் எவ்வளவு காலம் பிடித்து வைத்திருக்கிறது என்பதே வாழ்க்கை. வேலணைத் தீவின் தென்கரையில் உள்ள சாட்டிக்கு இந்த விஷயத்தில் நல்ல பெயர். இங்கே கரையோர மணல் மழையை உறிஞ்சிக்கொள்கிறது. அடியில் உப்புநீர் கிடக்க, அதைவிட அடர்த்தி குறைந்த நன்னீர் அதன்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. தண்ணீர் இல்லாத தீவக ஊர்களுக்கு இங்கிருந்து பவுசரில் குடிநீர் போகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி தாண்டிச் சாட்டிக்கு வருகிற பெரும்பாலானவர்கள் கடலில் குளிக்க வருகிறவர்கள். நான் போனது சவர்க்காரத்துக்கு. கரையிலிருந்து உள்ளே போகிற மணல் ஒழுங்கையில், வீட்டின் பின்கொட்டிலில், முகச்சவரத்துக்கென்றே சவர்க்காரம் காய்ச்சுகிற ஒரு பெண் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொன்னார். ஊரில் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைக்கிறார்கள்.

அக்காவின் அடுப்படியில் முதலில் கண்ணில் படுவது தராசு. கிராம் கணக்குக் காட்டுகிற சிறிய இலத்திரனியல் தராசு. "கண் மதிப்பில கறி காய்ச்சலாம் தம்பி, சவர்க்காரம் காய்ச்சேலாது" என்றார். அதில் முழு உண்மை இருக்கிறது. ஒவ்வொரு எண்ணெயும் வெவ்வேறு அளவு காரம் கேட்கும். ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுதாகச் சவர்க்காரமாக மாற ஏறத்தாழ 183 கிராம் கோஸ்டிக் சோடா வேண்டும். அதே ஒரு கிலோ ஆமணக்கெண்ணெய்க்கு ஏறத்தாழ 128 கிராம் போதும். காரம் கூடினால் முகத்தோல் எரியும், குறைந்தால் எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சும். அக்கா கணக்குக்குச் சற்றுக் குறைவாகவே காரம் போடுகிறார். கொஞ்ச எண்ணெய் மாறாமல் நிற்கட்டும், கத்தி ஓடிய தோலுக்கு அது நல்லது என்பது அவர் கட்சி. உலகமெங்கும் கையால் சவர்க்காரம் செய்கிறவர்களின் வழக்கமும் அதுவே.

சவரத்துக்கான சவர்க்காரம் குளிக்கிற சவர்க்காரம் அல்ல. தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம். அது குபீரென்று பெரிய குமிழ்களாக நுரைக்கும், அதே வேகத்தில் உடைந்தும் போகும். குளிக்க அது போதும். சவரத்துக்கு வேண்டியது வேறு. கன்னத்தில் பூசினால் பத்து நிமிடம் அசையாமல் நிற்கிற, குமிழே கண்ணுக்குத் தெரியாத, கனமான நுரை வேண்டும். அதைத் தருவது ஸ்டியரிக் அமிலம். கொழும்பிலிருந்து வெள்ளைச் சீவல்களாக அது வருகிறது. அதில் ஒரு பகுதியைக் குறைத்து இலுப்பெண்ணெய் சேர்ப்பது அக்காவின் சொந்த வழி. கோயில் விளக்கில் எரிகிற இலுப்பெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஸ்டியரிக் அமிலமும், அதோடு பல்மிற்றிக் அமிலமும் இருக்கின்றன. நம்மூர் மரம் தருகிற எண்ணெய் இந்தத் தொழிலுக்கு இவ்வளவு பொருந்தும் என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. காய்ச்சிக் காய்ச்சிக் கண்டுபிடித்தார்.

இரண்டு விதக் காரம் சேர்கிறது. கோஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஐதரொட்சைட்டு, மட்டும் போட்டால் கட்டி இறுகிவிடும், பிரஷில் ஏறாது. பொட்டாசியம் ஐதரொட்சைட்டு மட்டும் போட்டால் களியாகவே இருக்கும். இரண்டையும் கலந்தால்தான் நனைந்த பிரஷ் தொட்டதும் கரைந்து ஏறுகிற பதம் கிடைக்கும். காரத்தைத் தண்ணீரில் போடவேண்டும். தண்ணீரைக் காரத்தில் ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். பாத்திரம் துருப்பிடிக்காத உருக்கு. அலுமினியத்தைக் காரம் அரித்து ஐதரசன் வாயுவைக் கிளப்பும். முழங்கை வரை கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் எப்போதும் நிற்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் அடுப்பு மூட்டுகிறார்.

ஸ்டியரிக் அமிலம் உருக ஏறக்குறைய 70 பாகை வெப்பம் வேண்டும். காரம் சேர்ந்த கணமே கலவை இறுகிப்போகும். பழக்கமில்லாதவர்கள் கெட்டுவிட்டதென்று நினைப்பார்கள். கொதிநீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை இறக்கி, அகப்பையால் விடாமல் கிண்டினால் மெல்ல மெல்ல இளகித் தொதல் பதத்துக்கு வருகிறது. கை ஓயக்கூடாது. தோள்மூட்டு உழைப்பு இது. இந்த வேலையை அழகான கைவினை என்று புகைப்படம் எடுத்துப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் அந்த அகப்பையைப் பிடித்துப் பார்க்கவேண்டும்.

கடைசியில் கிளிசரின். பிறகு, சிரட்டைகளில் நிரப்பி, வாழை இலைத்துண்டால் மூடி, நிழலில் நான்கு வாரம் காயவைக்கிறார். வாசனை மிகக் குறைவு. வெட்டிவேர் எண்ணெய் சில துளி, அவ்வளவே. வேப்பெண்ணெய் போட்டுப் பார்த்தாராம். மூக்கடியில் அந்த மணத்தோடு யாரும் கதிரையில் இருக்கமாட்டார்கள் என்று ஒரு சலூன்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் அக்காவின் சவர்க்காரத்தில் என்னை நிறுத்தியது தேசிக்காய். காரம் கரைக்கும்போதே தேசிப்புளி சேர்க்கிறார். ஏனென்று கேட்டேன்.

"புங்குடுதீவில ஒரு சலூனுக்குக் குடுத்தன். நுரையே வரேல்லை எண்டு சொல்லிச்சினம். இஞ்ச நல்லா நுரைக்குது. அப்பதான் விளங்கிச்சு, பிழை என்ரை சவர்க்காரத்தில இல்லை, அவையின்ரை தண்ணியில எண்டு."

சுண்ணாம்புப் பாறையில் ஊறிய நீரில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். அவை சவர்க்காரத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத வெள்ளைத் திரையாக மாற்றிவிடும். யாழ்ப்பாணத்து வாளிகளின் விளிம்பில் படிகிற அழுக்கு வளையம் அதுதான். கல்சியம் தன் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுகிற சவர்க்காரமே நுரைக்கும். தேசிப்புளியிலுள்ள சிற்றிக் அமிலம் காரத்தோடு சேர்ந்து சிற்றேற்றாகிறது. அது கல்சியத்தைத் தான் பிடித்துக்கொண்டு சவர்க்காரத்தை விட்டுவிடுகிறது. ஆனால் புளி ஒரு பங்கு காரத்தையும் தின்றுவிடும். சிற்றிக் அமிலம் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 0.6 கிராம் கோஸ்டிக் சோடா கூட்டிப் போடவேண்டும். கை எரிந்தும் கட்டிகள் வீணாகியும் அந்தக் கணக்குக்கு வந்துசேர்ந்திருக்கிறார் அக்கா. ஒரு ஊரின் தண்ணீரை அறிந்து அந்த ஊருக்கென்று செய்யப்பட்ட பொருள் இது. வெளியூர்த் தொழிற்சாலை எதுவும் வேலணைக் கிணற்றை நினைத்துச் சவர்க்காரம் செய்யாது.

இவர் தேங்காயெண்ணெயில் மட்டும் இன்னொரு கட்டியும் செய்கிறார். அதைக் கடற்றொழிலாளர்கள் வாங்குகிறார்கள். மற்றச் சவர்க்காரங்கள் கடல்நீரில் திரிந்து மிதக்கும்போது தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். கப்பற்காரர்களுக்கென்று முன்பு செய்யப்பட்ட கடற் சவர்க்காரத்தின் அடிப்படையும் தேங்காயெண்ணெய்தான்.

சிரட்டைச் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு வேலணையில் ஒரு சலூனுக்குப் போனோம். தலை நரைத்த உரிமையாளர் சின்ன வயதிலேயே கத்தி பிடித்தவர். ஊர் அவரை அண்ணை என்கிறது. சாட்டித் தண்ணீர் ஒரு போத்தல், தன் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல், இரண்டு கிண்ணம் என்று அவரே வைத்துக்கொண்டார்.

முதலில் சுடுநீர்த் துவாய். தாடிமயிர் தண்ணீர் குடித்து ஊதுவதற்குச் சில நிமிடம் வேண்டும். ஊறிய மயிரைக் கத்தி இழுக்காது, வெட்டும். பிரஷை நனைத்து, உதறி, சிரட்டையில் வட்டமாகச் சுழற்றினார். கிணற்றுத் தண்ணீரில் கிண்டிய நுரை எழுந்தது, ஆனால் மெலிந்திருந்தது. நெடுநேரம் சுழற்றி இன்னும் சவர்க்காரம் ஏற்றிய பிறகே நின்றது. சாட்டித் தண்ணீரில் துளித் துளியாக விட்டுக் கிண்டியபோது கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத நுரை வந்தது. வலக்கன்னத்தில் ஒன்று, இடக்கன்னத்தில் மற்றது.

இடப்பக்கம் கத்தி ஓடியதே தெரியவில்லை. மயிர் சாய்ந்த பக்கமாக ஒரு தடவை, மறுபடி நுரை பூசிக் குறுக்காக ஒரு தடவை. வலப்பக்கம் தாடையடியில் மட்டும் சற்று இழுத்தது. தேசிப்புளி இல்லாத பழைய கட்டி ஒன்றை அதே கிணற்றுத் தண்ணீரில் அண்ணை கிண்டிக் காட்டினார். நுரை அடங்கி, வெள்ளைத் திவலையாகப் பிரிந்து நின்றது. படிகாரக் கட்டியை ஈர முகத்தில் தேய்த்தபோது எங்கும் சுள்ளென்று எரியவில்லை. தோல் கீறாமல் இருந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அண்ணையின் கையில் இருந்தது பாதி பிளேட் மாட்டுகிற கத்தி. ஆளுக்கு ஒரு புதுப் பிளேட். எயிட்ஸ் பற்றிய பயம் வந்த பிறகு தோல்வாரில் தீட்டுகிற பழைய சவரக்கத்தி அலமாரிக்குப் போய்விட்டது. போனது நல்லதுக்குத்தான். ஆனால் பிரஷும் கிண்ணமும் போனதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. 1940களின் கடைசியில் அமெரிக்காவில் தகரப் புட்டியில் அடைத்த நுரை வந்தது. அமுக்கினால் வாயுவே நுரையை ஊதித் தந்துவிடும். நேரம் மிச்சம். நுரையை மயிரடிவரை தேய்த்து ஏற்றுகிற வேலையும் அதோடு போயிற்று.

போர்க்காலத்தில் அரசு வடக்குக்கு விதித்த, 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையைப் பற்றியும் அண்ணை சொன்னார். வடக்குக்குள் வரத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் சவர்க்காரமும் ஒன்று. வந்த ஒன்றிரண்டும் ஏழைக்கு எட்டாத விலை. சனம் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தது. பனங்களி நுரைப்பதற்கு அதிலுள்ள சப்போனின்கள்தான் காரணம். பனங்களிக்குக் கைப்பைத் தருகிற பிளபெலிபெரின் என்ற சேர்மங்களும் அதே இனம். "முகத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசித்தான் வழிச்சனாங்கள். பிளேட்டும் இல்லை, தீட்டித் தீட்டிப் பாவிச்சது" என்றார் அண்ணை. அதனால்தான் ஒரு சவர்க்காரக் கட்டியை அவர் தூக்கி எறிவதில்லை. தேய்ந்த துண்டுகளைப் புதுச் சிரட்டையில் ஒட்டிவைக்கிறார்.

அந்தத் தடைக்கு முந்திய யாழ்ப்பாணம் சவர்க்காரத்துக்குக் கையேந்திய ஊர் அல்ல. மில்க்வைற் சவர்க்காரம் யாழ்ப்பாணத்திலேயே செய்யப்பட்டது. அதன் அதிபர் க. கனகராசா பனை நடுகையை ஓர் இயக்கமாகவே செய்தார். க. சி. குலரத்தினத்தை ஆசிரியராகக் கொண்டு ‘மில்க்வைற் செய்தி’ என்ற இதழை நடத்தினார். ஒரு சவர்க்காரத் தொழிற்சாலை ஊரின் மரத்தையும் வாசிப்பையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்ட காலம் அது.

சலூனும் அப்படித்தான். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூனில் கத்தி பிடித்தவர் எழுத்தாளர் டொமினிக் ஜீவா. ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுப்புக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ இலக்கிய இதழ் அந்தச் சலூனிலிருந்துதான் வளர்ந்தது. சாதியின் பெயரால் வீடு வீடாகப் போய்க் குடிமைத் தொழில் செய்யவேண்டியிருந்த ஒரு சமூகத்துக்கு, சொந்தக் கதிரையும் கண்ணாடியும் பெயர்ப்பலகையும் கொண்ட சலூன் என்பது பெரிய விடுதலை. "என்ரை அப்பா முற்றத்தில குந்தி இருந்துதான் வழிச்சவர். இஞ்ச வாற ஆள்தான் என்ரை கதிரையில வந்து இருக்கவேணும்" என்று அண்ணை சொன்னபோது, தொழிலைப் பற்றி அதற்குமேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா இதைத் தொடங்கியது 2022 பொருளாதார நெருக்கடியில், இறக்குமதிச் சாமான்கள் விலையேறிய காலத்தில். கோஸ்டிக் சோடாவும் ஸ்டியரிக் அமிலமும்கூட வெளியிலிருந்து வருபவைதான், அவையும் ஏறின. எண்ணெய், சிரட்டை, தேசிக்காய், உழைப்பு மட்டுமே ஊருடையவை. மழைக்காலத்தில் பொட்டாசியம் சேர்ந்த கட்டி ஈரம் குடித்து இளகுகிறது. மூடிய டப்பாவில் வைக்காவிட்டால் மாரியில் கொழகொழத்துப்போகும். அக்கா இன்னும் திருத்தவேண்டிய குறை இது. அதை விட்டால், நான் முகத்தில் போட்ட சவரச் சவர்க்காரங்களில் இதற்கு மேலே வைக்க ஒன்றும் இல்லை.

வீட்டில் வாங்கிப் பாவிப்பவர்கள் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். அது இல்லாவிட்டால் உப்பு நீக்கிய குடிநீரில் ஒரு குவளை போதும். முகம் கழுவியதும் ஈரத்தைத் துடைக்காமல் நுரை பூசுங்கள். சாட்டிக்குக் கடல் குளிக்க வருகிறவர்கள் திரும்பும் வழியில் ஒரு சலூனில் ஏறி, பிரஷால் நுரை போட்டுச் சவரம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும், கூலியும் கூட வரும். பேரம் பேசாமல் கொடுங்கள்.