இடப்பக்கத்து இடைவெளி

சந்திப்பில் நீண்ட லாரி சற்று வலப்புறம் ஒதுங்கினால், ஸ்கூட்டர்காரர்களுக்கு இடப்பக்கம் வழி திறந்ததுபோலத் தோன்றும். பல சமயம் அது இடப்புறம் திரும்புவதற்கான ஆயத்தம். வளையும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வராது. மூலையை ஒட்டி உள்ளே வெட்டும். கதவோரம் நுழைந்தவர், உயரத்தில் இருக்கும் டிரைவர் கண்ணில் படவே மாட்டார்.

ஹார்ன் அடித்தால் போதும் என்ற நம்பிக்கை லாரி முதுகிலேயே எழுதப்பட்டிருந்தது. 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' வாசகத்துக்கு மகாராஷ்டிர அரசு 2015-ல் தடை போட்டது. நம்பிக்கைக்கு யார் தடை போடுவது?

புனேயில் மகளைப் பள்ளிக்கு ஸ்கூட்டரில் அழைத்துப் போகும் ஒரு தாய் லாரிக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறாள். "இவ்வளவு இடம் இருக்கே, போயேம்மா" என்கிறாள் மகள். அம்மா அசைவதில்லை. லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் தெரிகிற தூரம் அது. அங்கே நின்றால்தான் அவருக்கும் இவர்கள் தெரிவார்கள்.