வெப்பம் போகும் வழி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் நெடுஞ்சாலை பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை நோக்கி மேலே செல்ல, மற்றது கொஸ்லாந்தை வழியே வெல்லவாயவை நோக்கிச் சரிந்து இறங்குகின்றது. பாரமேற்றிய லொறிகள் இந்த ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நிற்பதையும், சாரதிகள் பாதையோரப் பீலியில் நீர் பிடித்து ரேடியேற்றருக்கு ஊற்றுவதையும் பார்த்தே இப்பகுதிப் பிள்ளைகள் வளர்கின்றனர். வெப்பத்தை நீர் சுமந்து செல்லும் என்னும் பௌதிகப் பாடத்தை நாம் நூலிற் படிக்குமுன் வீதியிற் படித்துவிட்டோம் எனலாம். அதே ஏற்பாட்டை ஒரு கணினிக்குச் செய்ய நேர்ந்தபோது, அதற்கான உறுப்புகளை எவ்வாறு தெரிவுசெய்தேன் என்பதையே இங்குக் கூற விழைகின்றேன்.

கணினிக்கு நீர் எதற்கு என்று கேட்பது நியாயமே. பெரும்பாலான கணினிகளுக்கு அது வேண்டியதில்லை. ஒரு நல்ல விசிறியும் அதன் கீழ் உலோகத் தகடுகளும் போதுமானவை. எனது தேவை வேறொரு பணியிலிருந்து பிறந்தது. தோட்டப்புறத்து முதியோரிடமிருந்து தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்துப் பாடல்கள் ஆகியவற்றைச் சில ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்து வருகின்றேன். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாயிற்று. பாடல்களின் சொற்களை அத்தகைய நூல்கள் காத்துத் தந்தன. பாடியவரின் இழுப்பையும் விம்மலையும் அச்செழுத்துக் காக்க இயலாது. ஆகவே குரலைப் பதிவு செய்யத் தொடங்கினேன். கைத்தொலைபேசியில் எடுத்த பதிவுகளில் தகரக் கூரையில் விழும் மழையும், பக்கத்துக் காம்பிராவின் தொலைக்காட்சியும், குழந்தையின் அழுகையும் கலந்திருந்தன. இக்கலப்பிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கும் நிரல்கள் இன்று உள்ளன. அவை கணினியின் வரைகலை அட்டையை மணிக்கணக்காக உழைக்க வைப்பவை.

உழைப்பின் விளைவு வெப்பம். வெப்பத்தின் விளைவு விசிறியின் இரைச்சல். எங்கள் வீடு ஒரு லயன் காம்பிராவும் அதனோடு ஒட்டி எழுப்பிய சிறு தாழ்வாரமும் கொண்டது. அம்மா விடியுமுன் எழுந்து கொழுந்து மலைக்குச் செல்ல வேண்டியவர். நான் பணியாற்றும் நேரமோ இரவு. அட்டையின் விசிறிகள் உச்ச வேகத்திற் சுழலும்போது அவருக்கு உறக்கமில்லை. எனக்கோ பதிவின் மெல்லிய குரல் காதில் விழுவதில்லை. பாடித் தந்த பாட்டிமாருட் சிலர் இப்போது இல்லை. அவர்களின் பதிவுகளை மீண்டும் எடுப்பதற்கு வழியில்லை. இருப்பதை நன்றாகக் கேட்பது ஒன்றே வழி. வேகத்தை விட அமைதியே எனக்கு வேண்டியிருந்தது.

நீரின் சிறப்பு அதன் கொள்ளளவில் உள்ளது. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியசால் உயர்த்த ஏறத்தாழ 4.2 யூல் சக்தி வேண்டும். ஒரு கிராம் வளிக்கு ஏறத்தாழ 1 யூல் போதும். எடையை விடுத்துக் கனவளவால் ஒப்பிட்டால் வேறுபாடு வியப்பூட்டும்: ஒரே கனவளவில் நீர் வளியைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கவல்லது. பெருங்கணினிகளை அமைத்தோர் இதனை முன்னரே பயன்படுத்தினர். 1980இல் அறிவிக்கப்பெற்ற ஐ.பி.எம். 3081 நீராற் குளிர்விக்கப்பட்டது. 1985இல் வந்த கிரே-2 கணினியின் சுற்றுகள் மின்கடத்தாத் திரவமொன்றில் முழுமையாக மூழ்கியிருந்தன. வீட்டுக் கணினிக்கு இம்முறையைக் கொண்டுவந்த ஆர்வலர்களோ, 1990களின் இறுதியில், மோட்டார் வாகனங்களின் வெப்பமூட்டிச் சுருள்களையும் மீன்தொட்டிப் பம்பிகளையும் கொண்டே தொடங்கினர். அவ்வாறாயின் பெரகல ஏற்றத்து லொறிக்கும் மேசைக் கணினிக்கும் உள்ள உறவு வெறும் உவமையன்று.

இவ்வுண்மையை எனக்குத் தெளிவாக்கியவர் எனது தாய்மாமன். தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு ஏற்றிச் செல்லும் லொறியை நெடுங்காலம் ஓட்டியவர் அவர். எந்தப் பம்பி சிறந்தது என்று நான் ஆராய்ந்து கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “பம்பி எவ்வளவு பெருசா போட்டாலும் காத்துப் படுற எடம் சின்னதா இருந்தா சூடு எறங்காது மாப்பிள்ள. தண்ணி சும்மா சுத்திக்கிட்டேதான் இருக்கும்.”

உறுப்புகளைத் தெரிவுசெய்யும் கலை முழுவதும் இவ்விரு வாக்கியங்களுள் அடங்கியுள்ளது. நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. சிப்பிலிருந்து எடுத்து ரேடியேற்றரிற் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. அங்கிருந்து அதனை வாங்கிக்கொள்ள வேண்டியது அறையின் வளியே. ஆகவே முதலிற் கணக்கிட வேண்டியது வெப்பத்தின் அளவு. எனது வரைகலை அட்டை முழு உழைப்பில் 220 வாற்று வெப்பத்தை வெளிவிடும். மையச் செயலி உச்ச நிலையில் இன்னும் 120 வாற்று தரக்கூடும். எனினும் குரல் பிரிக்கும் பணியிற் செயலி பெரும்பாலும் ஓய்ந்தே இருக்கும். இரண்டையும் நீர்ச்சுற்றில் இணைக்க வேண்டும் என்றே முதலில் எண்ணியிருந்தேன். கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தபின் அட்டையை மட்டும் இணைத்து, செயலியைப் பழைய விசிறியிடமே விட்டுவிடுவதென முடிவுசெய்தேன்.

அடுத்தது ரேடியேற்றர். இவற்றின் அளவு அவற்றிற் பொருந்தும் விசிறிகளால் அறியப்படும். 120 மில்லிமீற்றர் விசிறிகள் மூன்று பொருந்துவது 360 எனப்படும். ஒரு விசிறியிடத்துக்கு 100 வாற்று என்பது கைக்கணக்கு. 220 வாற்றுக்கு 240 அளவே ஏறத்தாழப் போதும். ஆயினும் 360ஐயே தெரிந்தேன். பரப்பு மிகுந்தால் விசிறிகளை மெல்லச் சுழலவிடலாம். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் குறைகின்றது. இது காதுக்கு மிகப் பெரிய வேறுபாடு. மெல்லச் சுழலும் விசிறியின் வளி புகுவதற்குத் தகடுகள் மிக நெருக்கமாக இராத ரேடியேற்றரே ஏற்றது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மலைநாடு இவ்விடத்தில் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கின்றது. கொழும்பில் 30 பாகையளவில் இருக்கும் அறை வளி இங்கு இரவில் 20 பாகைக்கும் கீழே செல்லும். ரேடியேற்றர் எவ்வளவு பெரிதாயினும் நீரை அறை வளியினும் குளிர்ச்சியாக்க அதனால் இயலாது. ஆதலால் இப்பத்துப் பாகையும் எமக்குக் கிடைத்த கொடை. மறுபுறம், உயரத்தில் வளி அடர்த்தி குறைந்தது. ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் அக்குறைவு ஏழில் ஒரு பங்களவாகும். வரவையும் செலவையும் ஒப்பிட்டால் மிச்சம் எம் பக்கமே. பனிமூட்டம் வீட்டினுள் நுழையும் ஊரில் குழாய்களின் மேல் நீர்த்துளி படியுமோ என்று நண்பரொருவர் ஐயுற்றார். அறை வளியை விட இளஞ்சூடாகவே இருக்கும் குழாயில் அவ்வளியின் ஈரம் பனியாகப் படியாது.

சிப்பின் மேல் அமரும் செப்புக் கட்டையை ‘வாட்டர் பிளாக்’ என்பர். வரைகலை அட்டைக்கு இது இருவகைப்படும். சிப்பை மட்டும் மூடுவது மலிவானது, எவ்வட்டைக்கும் பொருந்தக்கூடியது. ஆனால் நினைவகச் சிப்புகளுக்கும் மின்வழங்கும் உறுப்புகளுக்கும் தனியே தகடு ஒட்டி விசிறியும் வைக்க வேண்டும். அட்டை முழுவதையும் மூடுவது குறிப்பிட்ட ஓர் அட்டைக்கே உரியது. ஒரே பெயரில் விற்பனையாகும் அட்டைகளிற்கூடப் பலகை வேறுபட்டாற் பொருந்தாது. அமைதியை வேண்டிய நான் இரண்டாவதையே கொண்டேன். அட்டை மாறும்போது இக்கட்டை பயனற்றுப் போகும்; ரேடியேற்றரும் பம்பியும் அடுத்த கணினிக்கும் உழைக்கும். எதில் மிகுதியாகச் செலவிடலாம் என்பதற்கு இது நல்ல அளவுகோல்.

உலோகங்களின் ஒற்றுமையும் காக்கப்பட வேண்டியது. செம்பு, பித்தளை, நிக்கல் முலாம் ஆகியவை ஒரே நீரில் ஏறத்தாழ இணங்கி வாழ்வன. அவற்றோடு அலுமினியம் சேர்ந்தால் நீர் மின்பகுபொருளாகி அலுமினியம் அரிக்கப்படும். விலை குறைந்த ரேடியேற்றர்கள் பல அலுமினியத்தால் ஆனவை. செப்புக் கட்டையோடு அவற்றை வாங்குவது இலாபமன்று.

பம்பியைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகையானது. நிமிடத்துக்கு 4 லீற்றர் நீர் ஓடினால், 220 வாற்று வெப்பம் அந்நீரை ஒருமுறை கடக்கையில் 1 பாகைக்கும் குறைவாகவே சூடாக்கும். எனவே சுற்றில் எங்கும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றே. எவ்வுறுப்பை முன்னே வைப்பது என்னும் நீண்ட விவாதங்களுக்கு இடமில்லை. காக்க வேண்டிய விதி ஒன்றே: நீர்க் குடுவை பம்பிக்கு முன்னும் மேலும் இருத்தல் வேண்டும். பம்பியின் சுழலிக்கு நீரே எண்ணெய். வறண்டு ஓடினால் அது கெடும். வேகத்தைக் குறைக்கத்தக்க டி5 வகைப் பம்பியொன்றைத் தெரிந்து, ஒரு பஞ்சுத் துண்டின் மேல் அமர்த்தினேன்.

குழாய்களும் பொருத்திகளுமே மனத்தையும் பணத்தையும் சோதிப்பவை. படங்களில் மின்னும் கண்ணாடி போன்ற விறைத்த குழாய்கள் அழகியவை. அவற்றைச் சூடாக்கி வளைக்கத் தனிப் பயிற்சி வேண்டும். கறுப்பு இறப்பர்க் குழாய் அழகற்றது. ஆனால் மலிவான பிளாஸ்ரிக் குழாயைப் போலக் காலப்போக்கில் மங்கி நீரைக் கலங்கச் செய்யாது. மாமாவின் கட்சி இறப்பர். நானும் அதனையே சார்ந்தேன்.

பொருத்திகளின் விலையை அறிய பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவின் கடைகளை ஒருநாள் முழுதும் சுற்றினேன். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா. 2024இல் 1,350 ரூபா. 2022இன் நெருக்கடியில் ஒரு டொலர் 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபின், இறக்குமதியாகும் தரமான ஒரு பொருத்தியின் விலை ஒரு நாட்சம்பளத்தை மீறக்கூடியதாயிற்று. ஒருநாள் வேலையை ‘ஒரு பேர்’ என்று எண்ணுவது தோட்டத்து வழக்கு. செயலியையும் இணைத்து இரண்டு ரேடியேற்றர் வைத்திருந்தால் பத்துப் பொருத்திகள், அதாவது பத்துப் பேருக்கு மேல். அட்டையை மட்டும் இணைத்ததால் ஆறு போதுமாயின. திருகி இறுக்கும் விலையுயர்ந்த வகையையும் விடுத்து, குழாயைச் செருகி மேலே ‘கிளிப்’ இட்டு இறுக்கும் எளிய வகையை வாங்கினேன். லொறியில் நெடுங்காலமாக நம்பப்பட்டது மேசையில் நம்பப்படாதிருக்கக் காரணமில்லை. பிரத்தியேக வகுப்பு நடத்திச் சேர்த்த பணம் இவ்வாறு போதியதாயிற்று.

இனி நீர். எங்கள் பீலியில் வரும் ஊற்றுநீரைப் போற் சுவையான நீரை நான் வேறெங்கும் குடித்ததில்லை. ஆயினும் அது கணினிக்கு ஆகாது. அதிற் கரைந்துள்ள உப்புகள் செப்புக் கட்டையின் மயிரிழை போன்ற கால்வாய்களிற் படியும். நுண்ணுயிர்கள் பாசியாக வளரும். காய்ச்சி வடித்த நீரும், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்தும் சேர்ந்ததே இதற்கு உரியது. ஆண்டுக்கொருமுறை அதனை மாற்றுதல் நன்று.

இணைத்தவுடன் கணினிக்கு மின்கொடுத்தல் ஆகாது. பம்பிக்கு மட்டும் மின்னளித்து, ஒவ்வொரு பொருத்தின் கீழும் வெள்ளைத் தாளை வைத்து, ஒரு பகலும் ஓர் இரவும் நீரை ஓடவிட்டேன். “ஜொயின்ட்டுலதான் தண்ணி போகும், பைப்புல போகாது” என்று கூறிய மாமா, ஒவ்வொரு கிளிப்பையும் தம் விரலாலேயே தொட்டுப் பார்த்தார். தாள்கள் உலர்ந்தே இருந்தன.

அறை 19 பாகையில் இருந்த ஓரிரவில், நான்கு மணி நேர உழைப்பின் பின்னும் நீர் 28 பாகையைத் தாண்டவில்லை. விசிறிகள் சுழல்கின்றனவா என்பதைக் கையை வைத்தே அறிய வேண்டியிருந்தது. அம்மா உறங்கினார். மறைந்துபோன பாட்டியொருவரின் ஒப்பாரியை அன்று முதலிலிருந்து கேட்டேன். பலமுறை கேட்டும் நான் அறிந்திராத இன்னொரு பெண்குரல், ஒவ்வோர் அடியின் முடிவிலும் தாழ்ந்த சுருதியில் அவரோடு சேர்ந்து இழைவது தெளிவாகக் கேட்டது. பதிவு செய்த நாளில் அத்தாழ்வாரத்தில் இருந்தோரை ஒவ்வொருவராக விசாரித்து வருகின்றேன். அக்குரலுக்கு உரியவரைக் கண்டால், அப்பாடலில் எமக்குக் கிடைக்காத அடிகளும் அவரிடம் இருக்கக்கூடும்.