எல்லோரும் இறங்கும் நாளில் ஏறலாம்

லோன் பைன், கலிஃபோர்னியா
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள மாப்ளைக்கு,

நேற்று மவுண்ட் விட்னி ஏறி இறங்கிவிட்டேன். தொடை இரண்டும் கனக்கின்றன, மூக்கு நுனியில் தோல் உரிகிறது. மற்றபடி நலம். விடுதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேற்கே மலைத்தொடர் முழுவதும் வெயில் ஏறிவிட்டது. நேற்று இந்நேரம் நான் நின்ற உச்சி இங்கிருந்தே தெரிகிறது.

அடுத்த வருஷம் மகளைப் பார்க்க வரும்போது ஒரு பெரிய மலை ஏற வேண்டும், லேபர் டேயை ஒட்டி பாப்பாவுக்கு மூன்று நாள் லீவு, அதிலேயே முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். வா, கட்டாயம் கூட்டிப் போகிறேன். ஆனால் அந்த மூன்று நாளில் வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் ஊர் திரும்பும் முன்பே இந்தக் கடிதம்.

விட்னியின் உயரம் 4,421 மீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் இதைவிட உயரமான மலை இல்லை. நடை தொடங்கும் விட்னி போர்ட்டலே ஏறக்குறைய 2,550 மீட்டரில் இருக்கிறது. நம்ம தொட்டபெட்டா உச்சி 2,637. அதாவது, தொட்டபெட்டா முடிகிற உயரத்தில் இந்த மலை ஆரம்பிக்கிறது. அங்கிருந்து போகவர 35 கிலோமீட்டர். சித்திரையில் வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ராத்திரியோடு ராத்திரியாக ஏறினோமே, அந்தக் கால்பலம் உனக்கு இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே மூச்சு வாங்கினால் இரண்டு நிமிஷம் கம்பை ஊன்றி நிற்போம், சரியாகிவிடும். இங்கே 4,000 மீட்டருக்கு மேல் நின்றாலும் சரியாவதில்லை. உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடலோரத்தில் கிடைப்பதில் 60 சதவீதம் அளவுதான். உடம்பு அதற்குப் பழகும். ஆனால் நாள் கொடுத்தால்தான் பழகும்.

இதை நான் தெரிந்துகொண்ட விதத்தை உனக்கு முன்பு சொன்னதில்லை. இரண்டு வருஷம் முன்பு, இதே லேபர் டே வாரக் கடைசியில், ஆபீஸ் நண்பர் ஒருவரோடு வந்தேன். யாரோ ரத்து செய்த பெர்மிட் கடைசி நேரத்தில் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வழக்கமாக மூன்றரை மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குக் கிளம்பி, ஊரே வெளியேறும் நெரிசலில் மாட்டி, இரவு பதினொன்றுக்கு வந்து சேர்ந்தோம். ஊரில் ஓர் அறை காலியில்லை. காரிலேயே சாய்ந்தபடி இரண்டு மணி நேரம் கண்ணை மூடினோம். பிறகு நடக்க ஆரம்பித்தோம்.

டிரெயில் கேம்ப் என்ற இடம் 3,660 மீட்டரில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது காலை எட்டு மணி. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவர் கடைசி ஒரு மணி நேரமாகப் பேசவில்லை. பசியாக இருக்கும் என்று நினைத்து புளியோதரை டப்பாவைத் திறந்தேன். நல்லெண்ணெய் வாசனை பட்டதும் அவருக்குக் குமட்டியது. பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றியவர் அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பயமாக இருந்தது. "கொஞ்சம் உட்கார்ந்தால் போதும், ஏறிவிடலாம்" என்றார். நான் அவர் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கீழே திரும்பினேன். லோன் பைன் ஏரியைத் தாண்டியதும் அவராகவே பேச ஆரம்பித்தார். போர்ட்டல் வந்ததும் அதே புளியோதரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உயர நோய்க்கு இறக்கத்தைப் போல மருந்தில்லை.

ஆறு மாதம் தினமும் மாடிப்படி ஏறிப் பயிற்சி எடுத்த மனிதர் அவர். கடல்மட்டத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவரை மறுநாள் காலை 3,660 மீட்டரில் கொண்டுபோய் நிறுத்தியது நான் போட்ட திட்டம்.

அதனால் இந்தத் தடவை விடுமுறையைத் தலைகீழாக வைத்துக்கொண்டேன். எல்லோரும் ஊர் திரும்பும் திங்கட்கிழமை நான் கிளம்பினேன். மொஹாவே பாலைவனத்தைத் தாண்டி வடக்கே ஏறும்போது எதிர்ப்பக்கம் வண்டி மேல் வண்டி, கூரையில் படகும் சைக்கிளுமாக. என் பக்கம் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஓவன்ஸ் ஏரி வழியில் வெளுத்துக் கிடக்கிறது, பெரும்பகுதி வறண்ட தரை. இந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றுநீரை 1913இல் கட்டி முடித்த கால்வாய் வழியாக லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோனதில் வற்றிய ஏரி. என் வீட்டுக் குழாயில் வருவதிலும் அந்தத் தண்ணீர் கலந்திருக்கிறது என்பதால், அந்த இடத்தில் வண்டியை நிறுத்தாமல் போக எனக்கு மனம் வருவதில்லை.

அன்று ராத்திரி ஹார்ஸ்ஷூ மெடோவில் கூடாரம் போட்டேன். 3,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் புல்வெளி, அதுவரை கார் போகிறது. முந்தின நாள் வரை நிரம்பி வழிந்திருக்க வேண்டிய இடத்தில் என்னையும் சேர்த்து நான்கே கூடாரங்கள். நடு ராத்திரி லேசாகத் தலை வலித்தது, விடிந்ததும் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை காட்டன்வுட் ஏரிகள் வரை மெதுவாக நடந்தேன். கலிஃபோர்னியாவின் மாநில மீனான கோல்டன் ட்ரவுட் அங்கே கரையோரத்தில் கண்ணுக்குத் தெரிய நீந்துகிறது. அடிவயிறு நல்ல குங்குமச் சிவப்பு. புதன்கிழமை வேலை ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. ஊருக்குப் பக்கத்தில் அலபாமா ஹில்ஸ் என்ற பாறைக்காட்டில் சுற்றினேன். 1939இல் வந்த 'குங்கா தின்' படத்தில் இந்தியாவின் வடமேற்கு எல்லையாகக் காட்டியது இந்தப் பாறைகளைத்தான். அன்று சாயங்காலமே போர்ட்டலுக்கு ஏறிப் படுத்துவிட்டேன்.

வியாழன், ராத்திரி ஒரு மணிக்கு நெற்றி விளக்கோடு புறப்பட்டேன். டிரெயில் கேம்ப் ஐந்து மணிக்கு. நம்பி எடுக்கக்கூடிய தண்ணீர் அங்கேதான் கடைசி, மூன்று லிட்டர் வடிகட்டி நிரப்பிக்கொண்டேன். பிறகு 99 வளைவுகள் என்று பேர்பெற்ற ஏற்றம். பாதி ஏறும்போது கிழக்கு வெளுத்து, தலைக்கு மேலிருந்த கற்கூர்கள் ஒவ்வொன்றாகச் செங்கல் நிறமாயின. ஓரிடத்தில் பாதையோரம் இரும்புக் கம்பிவடம் போட்டிருக்கிறார்கள். பாறையிலிருந்து கசியும் நீர் ராத்திரியில் அங்கே உறைந்துவிடுகிறது. கண்ணாடித் தகடு போல மெல்லிய பனி, கீழே நீர் ஓடுவது தெரிந்தது. வடத்தைப் பிடித்துக்கொண்டு ஓரம் ஓரமாகக் கால் வைத்துக் கடந்தேன். வடத்தின் குளிர் கையுறையைத் தாண்டி எலும்பு வரை வந்தது.

டிரெயில் கிரெஸ்ட் கணவாயில் மலை மறுபக்கம் திறந்துகொள்கிறது. அதன் பிறகு உச்சி வரை போகும் தூரம்தான் எனக்கு மிக நீளமாக இருந்தது. இருபது அடி, ஒரு நிறுத்தம், மறுபடி இருபது அடி. ஒன்பதேகாலுக்கு உச்சி. தலைவலி இல்லை. இரண்டு இட்லி மிளகாய்ப்பொடியோடு சாப்பிட்டேன், ருசித்தது.

உச்சியில் ஒரு கல்வீடு இருக்கிறது. செவ்வாய்க் கிரகத்தின் காற்றில் நீராவி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக 1909இல் ஸ்மித்சோனியன் கட்டியது. லிக் வானாய்வகத்தின் கேம்ப்பெல் இங்கே கருவிகளோடு ஏறி வந்து பார்த்து, தெரிகிற அளவுக்கு இல்லை என்று சொன்னார். வீட்டைப் பார்த்து ஏமாந்துவிடாதே. 1990இல் இடிமழைக்கு அதற்குள் ஒதுங்கியவர்களில் ஒருவர் மின்னல் தாக்கி இறந்தார். மதியத்துக்கு மேல் மேகம் திரளும் மலை இது. அதனால்தான் நடு ராத்திரிப் புறப்பாடு.

இனி உன் விஷயம். மே 1 முதல் நவம்பர் 1 வரை ஒரு நாளைக்கு 100 பேர்தான் ஒரே நாளில் ஏறி இறங்கலாம், இன்னும் 60 பேர் தங்கி ஏறலாம். லாட்டரிதான், பிப்ரவரியில் பெயர் கொடுக்க வேண்டும். மலையில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் விடுமுறையிலும் கூட்டம் இருக்காது என்று நானும் அன்று நினைத்தேன். சாலைக்கும் விடுதிக்கும் கூடாரத் திடலுக்கும் அந்த வரம்பு இல்லையே. வார இறுதித் தேதிகளுக்குத்தான் போட்டி அதிகம். நாம் வியாழக்கிழமை கேட்போம்.

2026இல் லேபர் டே செப்டம்பர் 7. அன்று காலை கிளம்பி, 8இல் ஏரி நடை, 9இல் ஓய்வு, 10ஆம் தேதி உச்சி. அமாவாசையை ஒட்டிய நாள், நிலவு துணைக்கு வராது. ஆளுக்கு இரண்டு விளக்கு நான் வாங்கி வைக்கிறேன். மலம் கழிக்கக் கழிவுப் பை தருவார்கள். மலத்தை மேலே எங்கேயும் விடக்கூடாது, பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். பாப்பாவிடம் முன்பே சொல்லிவிடு, கூச்சப்பட ஒன்றுமில்லை.

கொடைக்கானலில் ஒரு வாரம் இருந்து பழகிக்கொள்ளட்டுமா என்று கேட்பாய். மதுரைக்கு இறங்கிய கொஞ்ச நாளில் அந்தப் பழக்கம் கரைந்துவிடும். அதற்குப் பதில் வாரம் இரண்டு தடவை அழகர்மலையில் நூபுரகங்கை வரை ஏறு. முக்கியமாக, இறங்கும்போது வண்டியில் வராமல் நடந்தே இறங்கு. நேற்று என்னை வாட்டியது ஏற்றமில்லை, கடைசி பத்து கிலோமீட்டர் இறக்கம்தான். உன் ரத்த அழுத்த டாக்டரிடம் உயரத்தைச் சொல்லி, அசெட்டசோலமைடு மாத்திரை உனக்கு ஆகுமா என்று கேள். சல்ஃபா மருந்து உனக்கு ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனதே, அதை மறக்காமல் சொல்.

மேலே போனபின் உனக்குத் தலை வலித்தால் என்னிடம் மறைக்கக்கூடாது. மறைக்க மாட்டேன் என்று எழுதி அனுப்பினால்தான் லாட்டரியில் உன் பெயரைப் போடுவேன். பாப்பாவிடம் செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள் லீவுக்கு இப்போதே சொல்லி வைக்கச் சொல். பதில் ஜனவரிக்குள் வர வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்ள