உறைந்தும் உறையா உதிரம்

இரத்தம் உறைதல் உயிர்காக்குந் தொழில். விரலில் முள் தைத்தால் சில நிமிஷங்களில் ஒழுக்கு நின்றுவிடுகிறது. நாமும் அதனை மறந்துவிடுகிறோம். அவ்விரத்தமே காயம் ஒன்றுமின்றிக் குழாய்க்குள் தானே உறையத் தலைப்படின் காப்பே கேடாய் முடியும். அதற்குரிய காரணங்கள் பலவற்றுள் ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்பது அதன் பெயர். பெயர் நாவிற்கு வருத்தந் தருவதே. ஆயினும் புதுப்பெயர் ஒன்று புனைந்து வாசகரை மேலும் வருத்த யாம் விரும்பவில்லை.

எம் உறவினருள் ஒரு பெண்மணி மும்முறை கருவுற்று மும்முறையும் இழந்தார். முதன்முறை வந்தோர் ஆறுதல் கூறினர். மூன்றாம் முறை வந்தோர் அவருடைய ராசியைப் பேசினர். பின்னர் ஒருநாள் அவரது இடது கால் வீங்கி, ஆழ்ந்த சிரையில் இரத்தக்கட்டி காணப்பட்டது. கருச்சிதைவும் கால்வீக்கமும் ஒரே வேரினின்று முளைத்தவையாகலாம் என்று ஒரு டாக்டர் கூறியபோது வீட்டார் வியந்தனர்.

நோய்க்கிருமிகளை எதிர்த்தற்கு நம் சரீரம் ஆன்டிபாடிகள் என்னும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. இந்நோயிலோ அவை பகைவரை விட்டுத் தம் வீட்டின்மேற் பாய்கின்றன. உயிரணுக்களின் மேலுறையிலுள்ள பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பையே அவை பற்றுகின்றன என்று முன்னர் எண்ணப்பட்டது. அக்கொழுப்பின்மேற் படியும் பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்-1 என்னும் புரதமே பெரும்பாலும் அவற்றின் இலக்கு என்பது 1990-இல் வெளிப்பட்டது. எதிர்ப்பொருள் படிந்தவிடத்து இரத்தக் குழாயின் உட்படலமும் தட்டணுக்களும் வெள்ளணுக்களிற் சிலவும் கிளர்ச்சியுற்று உறைதலைத் தூண்டுகின்றன. அதனால் காலிற் கட்டியுண்டாதல், அது பெயர்ந்து நுரையீரலை அடைத்தல், இளவயதிற் பக்கவாதம், நஞ்சுக்கொடி பழுதுறல் ஆகியவை நேர்கின்றன. எதிர்ப்பொருள் உடையார் எல்லார்க்கும் இவை வருவதில்லை. அறுவைச் சிகிச்சை, பிள்ளைப்பேறு, தொற்றுநோய், புகைபிடித்தல், நெடுநாட் படுக்கை இவற்றுள் ஒன்று நெருப்பிடுங்காறும் விறகு வாளாகிடப்பதும் உண்டு.

நிற்க. இந்நோயில் ஒரு விந்தையுண்டு. சரீரத்துள் விரைந்து உறையும் இவ்விரத்தம் பரீட்சைச்சாலையின் கண்ணாடிக் குழாயிற் பிறர் இரத்தத்தினுங் காலந்தாழ்த்தே உறைகிறது! அங்கே உறைதல் நிகழப் பாஸ்போலிப்பிட் வேண்டும். எதிர்ப்பொருள் அதனைக் கவர்ந்துகொள்ளவே, உறைதற்குரிய புரதங்களுக்கு நிற்க இடமில்லாது போகிறது. நலமுடையார் ஒருவரின் பிளாஸ்மாவைக் கலந்தாலும் தாமதம் நீங்குவதில்லை; பாஸ்போலிப்பிட்டை மிகுதியாகச் சேர்த்தால் நீங்கும். இதற்கு வழங்கும் 'லூப்பஸ் ஆன்டிகோயாகுலன்ட்' என்னும் பெயர் இருவகையிலும் பொருந்தாது: அஃது உடையார் பலர்க்கு லூப்பஸ் நோய் இல்லை, சரீரத்துள் அஃது உறைதலைத் தடுப்பதுமில்லை. பெயரிட்டோரைக் குறைகூறோம், குழாயிற் கண்டதற்கு அவர்கள் பெயரிட்டனர்.

இந்நோயின் வரலாற்றில் எம் மனத்தை மிக வருத்துவது வேறொன்று. 1906-இல் ஜெர்மனியில் வாசர்மன் முதலியோர் மேகநோயைக் கண்டறிய ஓர் இரத்தப் பரீட்சையை வகுத்தனர். 1941-இல் மேரி பாங்போர்ன் என்னும் அம்மையார் மாட்டின் இருதயத்தினின்று கார்டியோலிப்பின் என்னும் பாஸ்போலிப்பிட்டைப் பிரித்தெடுத்தார்; பின்னர் அத்தகைய பரீட்சைகள் அதனைக்கொண்டு நடைபெற்றன. மணத்திற்குமுன் இப்பரீட்சை செய்தல் அமெரிக்க மாகாணங்கள் பலவற்றிற் சட்டமாயிருந்த காலம் அது. மேகநோய் சிறிதுமில்லாத சிலரிடத்தும் நோய் உண்டென்றே அது காட்டிற்று. 1952-இல் மூர், மோர் என்னும் இருவர் இத்தகையோரைப் பற்றி எழுதினர். குற்றமற்ற மணமகள் ஒருத்தி அம்முடிவைக் கேட்டு உற்ற நாணத்தை எவர் அளப்பார்? அவள் இரத்தத்திலிருந்த எதிர்ப்பொருள் கார்டியோலிப்பினைப் பற்றியது, அவ்வளவே. 1983-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் கிரகாம் ஹியூஸும் அவர்தங் குழுவினரும் அவ்வெதிர்ப்பொருளை நுட்பமாய் அளக்கும் முறையை வெளியிட்டு, அதனையும் இரத்தக்கட்டியையும் கருச்சிதைவையும் ஒரு தொடராகக் கோத்தனர்.

இக்காலத்துச் செய்வன மூன்று பரீட்சைகள்: மேற்கூறிய உறைதற் பரீட்சை, கார்டியோலிப்பின் எதிர்ப்பொருளை அளத்தல், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிர்ப்பொருளை அளத்தல். ஒருமுறை கண்டது போதாது; பன்னிரண்டு வாரங் கழித்து மீண்டுங் காணல் வேண்டும். சாதாரணக் காய்ச்சல்களிலும் இவை சின்னாள் தோன்றி மறைவதுண்டு. முன்பு ஆறு வாரமென்றிருந்த இடைவெளியை 2006-இல் வெளியான விதி இரட்டித்தது. உறைதலைத் தடுக்கும் மருந்துகள் முதற் பரீட்சையைத் திரித்துக் காட்டுமாதலின், கூடுமாயின் மருந்து தொடங்குமுன்னரே இரத்தம் எடுத்தல் நலம்.

எம் உறவினர்க்கு அப்பன்னிரண்டு வாரம் பன்னிரண்டு யுகமாயிற்று. இரண்டாம் முறையும் மூன்று பரீட்சைகளும் நோயுண்டெனக் காட்டின. துயருறுவார் என்று அஞ்சியிருந்தோம், அவரோ, "இதற்கும் ஒரு பெயர் இருக்கிறதே!" என்று பெருமூச்செறிந்தார்.

கட்டி கண்டோர் பெரும்பாலும் நெடுங்காலம் வார்பரின் உட்கொள்ளல் வேண்டும். அளவை அடிக்கடி சோதித்தலும் வேண்டும். சோதனை வேண்டாத புது மாத்திரைகள் உண்டேனும், மூன்று பரீட்சைகளிலும் எதிர்ப்பொருள் கண்டோரிடம் அவற்றுள் ஒன்றை வார்பரினோடு ஒப்பிட்ட இத்தாலிய ஆராய்ச்சி, அம்மாத்திரை உண்டாரிடத்துக் கேடு மிகுந்தமையால் இடையே நிறுத்தப்பட்டு 2018-இல் வெளிவந்தது. வார்பரின் கருவிற்கு ஊறு செய்யுமாதலால், கருவுற்றோர்க்கு அதனை நிறுத்தி ஹெப்பாரின் ஊசியும் சிற்றளவு ஆஸ்பிரினும் கொடுக்கின்றனர். இச்சிகிச்சை பெற்றோருட் பெரும்பாலோர் உயிருள்ள குழந்தையைப் பெற்றெடுக்கின்றனர்.