கணவாய்களைக் கடந்த தோழியருக்கு

மதிப்பிற்குரிய பச்சேந்திரி பால் அவர்களுக்கும், 2022இல் அவரோடு இமயத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்த சகோதரிகளுக்கும்,



கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். ஐம்பதைத் தாண்டியவள். விடிகாலையில் சேர்ந்து நடக்கும் பெண்கள் குழு ஒன்றில் நானும் ஒருத்தி. உங்களில் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் நீங்கள் நடந்த நடையால் எங்கள் வீடுகளில் சில பேச்சுகள் மாறியிருக்கின்றன. அதற்கு நன்றி சொல்லாமல் இருப்பது முறையாகாது. எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. நீங்கள் செய்தது என்னவென்று தமிழ்ப் பெண்கள் பலருக்கு இன்னும் தெரியாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2022 மார்ச் 8, உலக மகளிர் தினத்தன்று டெல்லியில் உங்களுக்கு வழியனுப்பு விழா நடந்தது. சில நாட்களில் அருணாச்சலப் பிரதேசத்தில், மியான்மர் எல்லையிலுள்ள பாங்சாவ் கணவாயிலிருந்து புறப்பட்டீர்கள். அசாம், வட வங்கம், நேபாளம், உத்தராகண்டின் குமாவுன், கார்வால், இமாச்சலம் என்று மேற்கே நகர்ந்து லடாக் பகுதியின் திராஸ் வரைக்கும் போனீர்கள். வழியில் முப்பதுக்கும் மேற்பட்ட கணவாய்கள். ஐயாயிரம் கிலோமீட்டரை நெருங்கும் பயணம். எல்லோரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். எவரெஸ்டைத் தொட்டவர்களும் உங்களில் இருந்தார்கள், இல்லத்தரசிகளும் பாட்டிமார்களும் இருந்தார்கள். பச்சேந்திரி பால் அவர்களே, கிளம்பும்போது உங்களுக்கு வயது 67. மே 24 அன்று, பயணத்தின் நடுவிலேயே, 68 பிறந்தது. அதற்கு முந்தைய நாள், நீங்கள் எவரெஸ்ட் ஏறி 38 ஆண்டுகள் நிறைந்த நாள்.

இந்தப் பாதையை வரைபடத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். பக்கத்தில் நாட்காட்டியை வைத்துக்கொண்டு பார்த்தால் அதன் அருமை இன்னும் புரிகிறது. தென்மேற்குப் பருவமழை இமயத்தின் கிழக்குக் கோடியைத்தான் முதலில் நனைக்கும். நீங்கள் மார்ச்சிலேயே அங்கே தொடங்கினீர்கள். மழை துரத்திவர மேற்கே நகர்ந்தீர்கள். மழைக்காலம் வலுக்கும் ஜூலையில், மழை மறைவுப் பகுதியான லடாக் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தீர்கள். உயரமான கணவாய்களின் பனி இளகுவதற்கும் அதே மாதங்கள்தாம் வேண்டும். ஐந்து மாத நடையை மலையின் பருவத்தோடு இப்படிக் கோத்த அறிவுக்கு என் முதல் நன்றி. துணிச்சலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இந்தத் திட்டமிடலைப் பற்றி யாராவது பேச வேண்டும்.

சிகரம் ஏறுவதற்கும் நெடுநடைக்கும் உள்ள வேறுபாட்டை உங்களால்தான் உணர்ந்தேன். சிகரத்துக்கு ஓர் உச்சி உண்டு. அங்கே ஒரு நிழற்படம் எடுக்கலாம், கொடி நாட்டலாம். நெடுநடையில் அப்படி ஓரிடம் இல்லை. நேபாளத்தின் தோரங் லா 5,416 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் அவ்வளவுதான். அத்தனை பாடுபட்டு ஏறிய உயரத்தையெல்லாம் அடுத்த பக்கம் இறங்கித் தொலைக்க வேண்டும். பிறகு இன்னொரு கணவாய்க்காகத் திரும்ப ஏற வேண்டும். உத்தராகண்டின் ஹர்சிலையும் இமாச்சலின் சித்குலையும் இணைக்கும் லம்காகா கணவாயையும் கடந்தீர்கள். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் அங்கே பனிப்புயலில் சிக்கி மலைநடைக்குப் போன பலர் இறந்திருந்தார்கள். அது தெரிந்தும் போனீர்கள், கவனமாகப் போனீர்கள், கடந்தீர்கள்.

கணவாய் ஏறும் நாளில் இருட்டோடு எழுந்து கிளம்ப வேண்டும் என்பார்கள். வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும். மதியத்துக்குப் பின் காற்றும் மேகமும் சூழும். இருட்டில் எழுவது, வெந்நீர் வைப்பது, எல்லோரும் சாப்பிட்டார்களா என்று பார்ப்பது, மூட்டை கட்டுவது, மறுநாளும் அதையே செய்வது. இது பெண்களுக்குப் பழகிய வேலை. காலமெல்லாம் பிறருக்காகச் செய்துவந்த அந்த விடாமுயற்சியை நீங்கள் உங்களுக்கென்று, உங்கள் விருப்பம் ஒன்றுக்காகச் செலவழித்தீர்கள். என்னை அசைத்தது அதுதான்.

அடுத்த நன்றி, அந்த ஐந்து மாதங்களுக்கு.

எங்கள் தெருவில் ஐந்து நாள் வெளியூர் போக வேண்டுமென்றால்கூட ஒரு பெண்ணுக்கு ஆயிரம் ஏற்பாடு. மாமியாருக்கு மாத்திரை யார் எடுத்துத் தருவது, அவருக்குச் சர்க்கரை நோய்க்கேற்ற சாப்பாடு யார் செய்வது, பால்காரருக்கு யார் சொல்வது. இதையெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். உண்மையான பாரங்கள்தாம். ஆனால் அதே தெருவில், மகள் பிரசவத்துக்கென்று அமெரிக்கா போய் ஆறு மாதம் தங்கித் திரும்பும் அம்மாக்களும் இருக்கிறார்கள். அப்போது மாத்திரையை யாரோ எடுத்துத் தருகிறார்கள். சாப்பாடு எப்படியோ நடக்கிறது. பால்காரரும் வந்து போகிறார். ஐம்பதைக் கடந்தவளின் ஆறு மாதத்தை ஒரு குடும்பத்தால் விட்டுக்கொடுக்க முடிகிறது. யாருக்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மலைக்காக, தனக்காக என்று ஒரு பெண் அதே காலத்தைக் கேட்டால் அது பேராசையாகத் தெரிகிறது. உங்கள் நடையைப் பற்றி எங்கள் குழுவில் பேசிய ஒவ்வொரு முறையும் கடைசியில் வந்து நின்ற கேள்வி இதுதான். நீங்கள் அதைக் கேட்கும் தைரியத்தை எங்களுக்குத் தந்தீர்கள்.

எங்கள் ஊருக்கு மேற்கே வெள்ளியங்கிரி இருக்கிறது. ஏழு மலை தாண்டி மேலே ஈசனைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் மூங்கில் தடியோடு ஏறுவார்கள். சிறுமிகளும் வயதில் மூத்த பெண்களும்தான் அங்கே ஏறலாம் என்பது நெடுநாள் வழக்கம். ஆகவே எங்களில் பலருக்கு, கண்ணெதிரே நிற்கும் மலை திறப்பதே ஐம்பதுக்குப் பக்கத்தில்தான். அப்படித் திறக்கும்போது வேறொரு குரல் வரும்: “அக்கா, இந்த வயசுல முட்டி தாங்குங்களா?” அதுவரை வழக்கம் தடுத்தது. அதன் பிறகு முழங்கால் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணுக்கு மலையேற நல்ல வயது என்று ஒன்று வந்ததே இல்லை. உங்கள் நடைக்குப் பின் நாங்கள் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டோம்.

“நடந்தால்தான் தாங்கும்” என்ற அந்தப் பதிலை விளையாட்டாகச் சொல்லவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது, தசை இளைக்கிறது. மலையில் ஏறும்போது மூச்சுக்குச் சோதனை, இறங்கும்போது முழங்காலுக்குச் சோதனை. இதெல்லாம் உங்கள் உடம்புக்கும் பொருந்தும். அதே சமயம், உடல் எடையைத் தாங்கி நடப்பதுதான் எலும்பையும் தசையையும் காக்கும் வழிகளில் ஒன்று என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். உடம்பு தேய்கிறது என்பதாலேயே நடக்க வேண்டியிருக்கிறது. அதற்காக எல்லோரும் இமயத்துக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் ஊர் மருதமலைப் படி போதும். நீங்கள் அவ்வளவு உயரத்தில் நடந்ததால், எங்கள் குழுவில் நிதானமாக நடப்பவருக்கும் படி ஏறும்போது நிமிர்ந்து ஏற முடிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லக் கடினமானது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மகளிர் தினத்தையொட்டிச் சென்னையிலிருந்து வந்த குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த குழுவும் அதில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இளம் பெண்கள். அந்த வாரம் தமிழ்நாட்டில் பல வீடுகளில் தூக்கம் இல்லை. அதற்குப் பின் மலைப் பேச்சை எடுத்தாலே, “குரங்கணி மறந்துபோச்சா?” என்பார்கள். மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் நினைவு, பெண்களை வீட்டுக்குள் நிறுத்தும் காரணமாகச் சுருங்கியது எனக்கு வலித்தது. வறண்ட மாதத்தில் எந்தக் காட்டுக்குள் போகலாம், யாரிடம் அனுமதி பெற வேண்டும், தப்பும் வழி எது, எப்போது திரும்பிவிட வேண்டும் என்று கற்றுக்கொள்வதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. நான்கு ஆண்டு கழித்து, அதே மார்ச்சின் இரண்டாம் வாரத்தில் நீங்கள் நடையைத் தொடங்கினீர்கள். அந்தத் தேதிகளின் நெருக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயத்தத்தோடு போகும் பெண்கள் பத்திரமாகத் திரும்பி வர முடியும் என்பதை நீங்கள் காட்டினீர்கள். எங்களுக்கு அது மிகவும் வேண்டியிருந்தது.

பச்சேந்திரி பால் அவர்களே, உங்களுக்குத் தனியாகச் சில சொற்கள். உத்தரகாசிப் பக்கம் நகுரி கிராமத்தில், திபெத்துக்குச் சரக்கு கொண்டுபோய் வியாபாரம் செய்தவரின் மகளாகப் பிறந்தீர்கள். படித்து ஆசிரியை ஆவீர்கள் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். 1984 மே மாதம் பனிச்சரிவு உங்கள் முகாமை நள்ளிரவில் மூடியது. தலையில் அடிபட்டும் நீங்கள் கீழே இறங்கவில்லை. மே 23 அன்று எவரெஸ்டில் நின்ற முதல் இந்தியப் பெண் ஆனீர்கள். பள்ளிப் பாடப்புத்தகம் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. நான் நன்றி சொல்ல நினைப்பது அதற்குப் பின் நீங்கள் செய்தவற்றுக்கு. 1993இல் இந்திய–நேபாளப் பெண்கள் குழுவை எவரெஸ்டுக்கு அழைத்துப் போனீர்கள். 1997இல் எட்டுப் பெண்களாக அருணாச்சலத்திலிருந்து சியாச்சினின் இந்திரா கணவாய் வரை 225 நாட்கள், 4,500 கிலோமீட்டருக்கு மேல் நடந்தீர்கள். கால் நூற்றாண்டு கழித்து அதே மலைத்தொடருக்கு, ஐம்பது தாண்டியவர்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தீர்கள். ஒருமுறை உச்சியைத் தொட்டவர் அந்தப் புகழிலேயே காலத்தைக் கழித்திருக்கலாம். நீங்கள் ஒவ்வொரு முறையும் இன்னும் பலரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

உங்கள் வழியில் இருந்த கிராமத்துப் பெண்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. கார்வாலில் புல்லுக்கட்டும் விறகும் சுமந்து தினமும் செங்குத்தான சரிவில் ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். 1974இல் ரேணி கிராமத்தில் கௌரா தேவியோடு சேர்ந்து மரங்களைக் கட்டியணைத்துக் காத்தவர்களும் அந்த மலைப் பெண்கள்தாம். அவர்கள் நடையை யாரும் சாதனை என்று எழுதுவதில்லை. அந்த மண்ணிலிருந்து வந்த பச்சேந்திரி பால் அவர்களே இந்த நடையை வழிநடத்தியது எனக்கு நிறைவாக இருக்கிறது. மலையில் எப்படி நடப்பது, எப்போது நிற்பது, எதற்கு அஞ்சுவது என்ற அறிவு அந்தப் பெண்களிடம் எப்போதும் இருந்தது. அதை எங்களைப் போன்ற சமவெளிக்காரிகளும் கேட்கும்படி செய்தீர்கள்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அந்த ஐந்து மாதத்தின் சிறு விவரங்களை எழுதுங்கள், பேசுங்கள். கால் கொப்புளத்துக்கு என்ன செய்தீர்கள், எத்தனை மாதம் பயிற்சி எடுத்தீர்கள், வேகமாக நடப்பவரும் மெதுவாக நடப்பவரும் எப்படி ஒத்துப்போனீர்கள், சண்டை வந்தால் யார் முதலில் பேசினார்கள், வீட்டு நினைவு வந்த இரவில் ஒருவரையொருவர் எப்படித் தேற்றினீர்கள் என்று எல்லாம் வேண்டும். வீரக்கதைகள் எங்களிடம் நிறைய உண்டு. கிளம்ப நினைப்பவளுக்கு உதவுவது இந்த விவரங்கள்தாம். அதை எந்த மொழியில் தந்தாலும் தமிழில் கொண்டுவர எங்களில் ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கள் குழுவும் கார்வாலுக்குப் புறப்படுகிறது. பெரிய கணவாய் எதுவும் இல்லை. உயரத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டு, உள்ளூர் வழிகாட்டியோடு, குவாரி கணவாய் வரை நிதானமாக நடந்து திரும்புவதுதான் திட்டம். மருதமலைப் படியில் முதுகுப்பையில் அரிசியை நிரப்பிக்கொண்டு பயிற்சி நடக்கிறது. முட்டி தாங்குமா என்று கேட்டவர்களில் ஒருத்தியான பக்கத்து வீட்டுப் பெண்ணும் இப்போது எங்களோடு ஏறுகிறாள். போகலாமா என்று இம்முறை எங்களில் யாரும் வீட்டில் கேட்கவில்லை, தேதியைச் சொல்லியிருக்கிறோம். தேதியைச் சொல்லும் துணிவு எங்களுக்கு வந்ததற்கு, உங்கள் எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி.

அன்புடன்,
கோயம்புத்தூரிலிருந்து,
உங்களுக்குப் பின்னே நடக்கத் தொடங்கிய ஒருத்தி